சபையில் வைத்த கம்ப்யூட்டர்

ஏனுங் தம்பி, அந்தப் பையில இருக்கறது கம்ப்யூட்டருங்களா? மடியிலயே வெச்சுக் கட்டிப்புடிச்சுட்டு வர்றீங்களேன்னு கேட்டேன். மேல போடுங்க, ஒண்ணும் ஆகாது. வேண்டாமுங்களா? சரி, வெச்சுக்கங்க. கம்ப்யூட்டரப் பத்தி எனக்கும் கொஞ்சம் தெரியுமுங்க. கொஞ்சம் என்னங்க, நல்லாவே தெரியும். ஒரு கம்ப்யூட்டருக்கு என்னென்ன சாமான் வேணுமோ அத்தனையும் ஒத்த ஆளா நின்னு பாத்துப் பாத்து வாங்குனவன் நானு. காங்கேயம் வட்டாரத்துல மாட்டுத் தரகு பாக்கறவன்ல வேற எவனாச்சும் வாங்கியிருக்கறானான்னு கேட்டுப்பாருங்க.

பேரு நாச்சிமுத்துங்க. சிங்காநல்லூர்ல எறங்கோணும். என்ற தங்கச்சி மவ அங்க வந்து உக்காந்துட்டு, கட்டிக்குடுத்த ஊட்டுக்குப் போவமாட்டேங்கறா. சம்பந்தி ஊட்டுல இருந்து நேத்தைக்குப் போன் வந்துச்சு. "நீங்க தாய்மாமன், நீங்க சொன்னாத்தான் கேப்பா, போய்க் கூட்டிட்டு வந்து விடுங்க"ன்னு. அதானுங்க காலையில சோலியெல்லாம் போட்டுட்டுக் கெளம்பிட்டேன். கூப்பிட்டா வந்துருவா. என்ற பேச்ச இதுவரைக்கும் மீறுனதில்ல.

தாரணின்னு பேருங்க. தங்கச்சிக்கு ஒரே புள்ள. படிச்சு முடிச்சுப்போட்டுத் திருப்பூர்ல ஒரு ஸ்டுடியோவுக்கு வேலைக்குப் போயிட்டிருந்தா. கல்யாணத்துல வீடியோ எடுக்கறாங்கல்லங்க, அதையெல்லாம் வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, சினிமாவாட்டப் பண்ணிக் குடுக்கற வேலை. இந்தப் புள்ள வெட்டுனா அழுகாத மாமனாரும் அழுதுருவாருங்கன்னு ஸ்டுடியோக்காரன் சொல்லுவான். வேலை முடிஞ்சா அதே கம்ப்யூட்டர்ல வெளையாட்டு. துப்பாக்கி வெச்சுச் சுடற வெளையாட்டுங்க. எங்கெங்கயோ இருக்கற பசங்க இவகிட்டச் சுடு வாங்கிட்டுச் சாவறானுங்க. ஒருக்கா நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். கல்யாணம் பண்ற வயசுல இதென்ன கண்ணு இதுன்னேன். "சித்தெ இருங்க மாமா, பின்னால ஒருத்தன் வர்றான்"னா. ஆருன்னு நானும் திரும்பிப் பாத்தேன் தம்பி.

மாப்ள பேரு நந்தகுமாருங்க. தாராபுரம் பக்கம், தென்னந்தோப்பு, அரிசி ஆலைன்னு வசதியான குடும்பம். பொண்ணு பாக்க வந்தப்ப ரெண்டு பேரும் தனியாப் பேசட்டும்னு மாடிக்கு அனுப்புனோம். ரொம்ப நேரமா ஆளையே காணோம். நான் மெதுவாப் போயிக் கதவோரம் நின்னேன். தாய்மாமன் நிக்கலாமுங்க, தப்பில்ல. உள்ள என்ன பேசிட்டிருந்தாங்கங்கறீங்க? கிராபிக்ஸ் கார்டு. அந்த மாப்ளையும் சுடற ஆட்டம் ஆடறவராம். எந்தக் கார்டு போட்டா படம் திக்காம ஓடும்னு ரெண்டும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுதுங்க. கீழ எறங்கி வந்து, மனசு ஒத்துப்போச்சுங்கன்னு சபையில சொன்னதே நான்தான்.

சம்பந்தியம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. "நாங்க சீரு செனத்தின்னு வாயத் தொறந்து கேக்கற ஆளுக இல்லீங்க, ஆனா மருமக வெளிய வேலைக்குப் போறது எங்கூட்டு வழக்கமில்ல"ன்னாங்க. என்ற தங்கச்சி மொகம் சுண்டிப்போச்சு. தாரணியே கேட்டா, "ஊட்டுக்குள்ள இருந்தே செஞ்சா பரவால்லீங்களா அத்த?"ன்னு. ஊட்டுக்குள்ள என்னமோ பண்ணிக்கட்டும்னு அவுங்களும் சரின்னுட்டாங்க. ஸ்டுடியோக்காரன், வீடியோவெல்லாம் ஊட்டுக்கே அனுப்பிவெக்கறேன், ஆவணி முகூர்த்தம் ஆரம்பிக்கறதுக்குள்ள நல்ல கம்ப்யூட்டரா ஒண்ணு போட்டுக்கம்மா, இல்லாட்டி வேற ஆளத்தான் பாக்கோணும்னு சொல்லிப்போட்டான். கல்யாணம் வைகாசியில. ஆவணிக்கு நாளு கெடந்துச்சுங்க.

அப்பத்தான் அவ எங்கிட்ட வந்தா. "மாமா, நீங்க பீரோ, கட்டில்னு ஒண்ணும் வாங்காதீங்க. அதுக்குப் பதிலாக் கம்ப்யூட்டருக்குச் சாமான் வாங்கிக் குடுங்க, நானே பூட்டிக்கறேன்"னா. முழுசாவே ஒண்ணு வாங்கிக் குடுத்தர்றேன் கண்ணுன்னேன். "முழுசா விக்கறது ஆருக்கோ கட்டுனது மாமா. எனக்கு எது வேணுமோ அதப் பாத்துப் பாத்து நானே கட்டோணும். இத்தன வருசமா ஸ்டுடியோ கம்ப்யூட்டர்லயே உக்காந்துட்டேன், எனக்குன்னு ஒண்ணு இல்லீங்க மாமா. அது இருந்துச்சுன்னா அந்த ஊட்டுல நான் பாட்டுக்கு என்ற வேலையப் பாத்துட்டு இருந்துக்குவேன்"னா. சொல்றப்ப அந்தக் கண்ணு ரெண்டும் மின்னுச்சுங்க.  செஞ்சு போடறேன் சாமின்னு கையில அடிச்சுக் குடுத்துட்டேன்.

ஆனா தலவலியா ஒரு கோட்டாலை இருந்துச்சுங்க. எனக்கு ஒரு தம்பிகாரன் இருக்கறான், சிவசாமின்னு. அவனும் தாய்மாமன்தானே. அவன் என்ன பண்ணுனான்னா, புள்ளைக்கு ஸ்கூட்டர் வாங்கிட்டான். சேப்புக் கலரு. மண்டபத்து வாசல்ல நிறுத்தி ரிப்பன் கட்டுனா, அது பாட்டுக்கு ரத்தமாட்ட ஜொலிக்கும். ஒறம்பரை சனம், சொந்தபந்தம் மொத்தமும் அதத் தாண்டித்தான் உள்ள வரோணும். மூத்தவன் நான் ஒரு மஞ்சப்பையில நாலு பொட்டியக் கொண்டாந்து குடுத்தா, பாக்கறவன் என்ன நெனைப்பான் சொல்லுங்க. சீருங்கறது ஊட்டுக்குள்ள வெச்சுப் பொழங்கறதுக்கு மட்டும் இல்லீங்க தம்பி. சபையில வெச்சா நாலு பேரு கழுத்த நீட்டிப் பாக்கோணும்.

கடைக்கு நானும் வர்றேன் மாமான்னு தாரணி ஒத்தக்கால்ல நின்னா. சீர் வாங்கப்போற புள்ள முன்னாடியே சாமானத்தப் பாக்கக்கூடாது, அது எங்கூட்டு வழக்கம்னுட்டேன். அப்பறம் உக்காந்து வெவரமாச் சொன்னா. கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும்தான் முக்கியமாம், காசு போடறதெல்லாம் அதுலதான் போடோணுமாம். பிராசசர்ங்கறது மூளையாட்ட. மதர்போர்டுங்கறது அந்த மூளையப் பதிக்கற பலகை. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தோணும் மாமா, எந்தப் போர்டுக்கு எந்தப் பிராசசர்னு கடைக்காரருகிட்டச் சொல்லிக் கேட்டு வாங்கோணும்னா. கேபினெட்டுன்னு ஒரு பொட்டி, அதுக்குள்ளதான் எல்லாத்தையும் வெச்சுப் பூட்டறது. அது எதா இருந்தாலும் பரவால்லன்னா. நான் தலைய ஆட்டிட்டுக் கேட்டுக்கிட்டேன். ஜோடி சேக்கறதப் பத்தி எனக்கே சொல்லிக்குடுக்கறா பாருங்க.

மொதல்ல ஈரோட்டுல ஒரு கடையில போயி மதர்போர்டு வாங்குனேன். எப்புடி வாங்குனேன்னா, தூக்கிப் பாத்து வாங்குனேன். மாட்டுக்குக் கனம்னு ஒண்ணு இருக்குதுங்க. நின்ன வாக்குலயே தெரியும், இது ஏரு புடிக்குமா புடிக்காதான்னு. நாலஞ்சு போர்டக் கையில வெச்சுப் பாத்தேன். ஒண்ணு நல்ல அகலம், மேல இரும்புத் தகடெல்லாம் பாஞ்சு கம்பீரமா இருந்துச்சு. அதையே கட்டுங்கன்னுட்டேன். கடைக்காரன் பிராசசரும் இங்கயே எடுத்துக்கங்க, செட்டாத் தர்றேன்னான். ஒரே எடத்துல எல்லாத்தையும் வாங்குனா அவன் சொல்றதுதான வெல? நான் எத்தன சந்தையப் பாத்திருப்பேன். வாங்க மாட்டேன்னுட்டு வந்துட்டேன்.

பிராசசருக்கு இதே கோயமுத்தூருக்குத்தான் வந்தேன். கண்ணாடி போட்ட ஒரு கடைக்காரத் தம்பி, மரியாதையான பையன். "எந்த மதர்போர்டுக்குங்க ஐயா?"ன்னு கேட்டான். நான் சொல்லலீங்க. ஏன்னு கேளுங்க. ஊட்டுல ஒத்தக் காளை நிக்குது, அதுக்கு ஜோடி தேடி வந்திருக்கறான்னு விக்கறவனுக்குத் தெரிஞ்சுதுன்னு வெச்சுக்கங்க, அவ்வளவுதான். அந்த ஒரு மாட்ட விட்டா இவனுக்கு வேற வழியில்லன்னு வெலைய ஏத்திப்போடுவான். அதனால ஜோடிக்கு வாங்கறவன் வாயவே தொறக்கமாட்டான். சும்மா தொண்டுபட்டியில கட்டிவெக்கலாம்னு வந்தனுங்கன்னு சொல்லோணும். துண்டுக்குள்ள கைய விட்டு வெரலப் புடிச்சு வெல பேசறது எதுக்குங்கறீங்க? பக்கத்துல நிக்கறவனுக்குக்கூடத் தெரியக்கூடாது. இதுதானுங்க தொழிலு.

அந்தத் தம்பி விடமாட்டேங்கறான். எந்தக் கம்பெனிப் போர்டுன்னாச்சும் சொல்லுங்க ஐயாங்கறான். போர்டா, அப்படின்னா என்னங்கன்னு கேட்டுப்போட்டேன்.  கடைசியில ஒண்ண எடுத்துக் காட்டுனான். எம்புட்டுங்கறீங்க? ஒரு பிஸ்கட்டுக்குக் காணாது. அதுக்குப் போயி அந்த வெல. நான் எந்திரிச்சு வாசப்படி வரைக்கும் போனேன், அவனே கூப்புட்டுக் குறைச்சுக் குடுத்தான். குடுத்துட்டு, "எதுக்குன்னே சொல்லமாட்டேங்கறீங்க. பொருந்தலைன்னா பில்லோட கொண்டாங்க ஐயா, நானே மாத்தித் தர்றேன்"னான். எம்பட கை ராசி, ஒரு ஜோடியும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல தம்பின்னு சொல்லிப்போட்டு வந்தேன்.

கிராபிக்ஸ் கார்டுதான் அதிர்ஷ்டம். பெரிய கார்டு, செங்கல்லாட்டம் கனம், மூணு காத்தாடி வெச்சது. புதுசு வாங்கப் போனா ரெண்டு காத்தாடிக்கே உசுர வாங்கறானுங்க. நான் பழசா வாங்குனேன். அது ரெண்டு வருசம் எங்கயோ ராவும் பகலும் நிக்காம ஓடுனதுன்னு விக்கறவனே சொன்னான். அப்ப நல்லதாப் போச்சு, உழைச்ச மாடுன்னேன். பழகாத மாட்ட வாங்கி ஆரு இழுத்துட்டுத் திரியறது?

அதுல மிச்சம் புடிச்சதயும் சேத்துப் பொட்டியில போட்டேன் தம்பி. கேபினெட்டு. அடடா. நாலு பக்கமும் கண்ணாடி. உள்ள சுத்தியும் காத்தாடி, காத்தாடிக்குள்ள லைட்டு, வானவில்லாட்டம் நிமிசத்துக்கு ஒரு கலரு மாறுது. என்ற இடுப்பு உசரம் இருக்குமுங்க. மண்டபத்துல எரியோணும்ல, அதனால கடைக்காரன்கிட்டச் சொல்லி உள்ள ஒண்ணும் பூட்டாமயே லைட்டு எரியறாப்புல தனியா ஒரு வயர் போட்டு வாங்கிட்டேன். இதுவே பாதிச் சீருங்கன்னு அவனே அசந்துபோயிச் சொன்னான்.

கல்யாணத்தன்னைக்கு நீங்க வந்து பாத்திருக்கோணும். பதினோரு தட்டு. சாமானத்த அட்டைப் பொட்டியோட வெக்கலாம்னு என்ற ஊட்டுக்காரி சொன்னா. மூடுன பொட்டிய வெச்சா உள்ள ஒண்ணுமில்லன்னு சிவசாமி கெளப்பிவிட்டுருவான். அதனால எல்லாத்தையும் பிரிச்சு, பிளாஸ்டிக் பையெல்லாம் கிழிச்சுப்போட்டு, தாம்பாளத்துல மல்லிகப்பூப் பரப்பி அது மேல அழகா வெச்சேன். ஒவ்வொண்ணுக்கும் சந்தனம், குங்குமம். மதர்போர்டுல நட்டநடுவுல சதுரமா ஒரு பள்ளம் இருந்துச்சுங்க, மெல்லிசாக் கம்பி கம்பியா. பொட்டு வெக்கறதுக்குன்னே விட்ட எடமாட்ட இருந்துச்சு. நல்லாக் கொழச்சு அதுலயே வெச்சேன்.

மேளம் முன்னால போவுது, பொம்பளைக தட்டோட வர்றாங்க, கடைசியில ரெண்டு ஆளு அந்தக் கண்ணாடிப் பொட்டியத் தூக்கிட்டு வந்து மேடையில வெச்சு வயரச் சொருகுனாங்க. பொட்டி எரிஞ்சுது பாருங்க, தாலி கட்டறதப் படம் புடிச்சுட்டிருந்த போட்டோக்காரனே திரும்பி அதப் புடிச்சான். ஸ்கூட்டரப் பாக்க ஒரு ஈ காக்கா இல்ல. சிவசாமி தூணோரமா நின்னு மூக்கத் தொடைச்சுட்டிருந்தான். எனக்கு அன்னைக்குச் செத்தாலும் பரவால்லன்னு இருந்துச்சு.

தாரணி தட்டைப் பாத்தா. அத்தன சந்தோசம் அவளுக்கு. போர்டக் கையில எடுத்து, அந்தப் பொட்டு வெச்ச எடத்தப் பட்டுச்சேல முந்தானையில மெல்லத் தொட்டா. அப்பறம் பிராசசர எடுத்துப் பாத்தா. மறுக்கா போர்டப் பாத்தா. "ரெண்டும் ஒரே கடையில வாங்குனீங்களா மாமா?"ன்னு கேட்டா. ஒரே கடையா? ஊரு ஊரா அலைஞ்சு வாங்குனேன் கண்ணுன்னேன். அவ கண்ணு நெறைஞ்சு பொலபொலன்னு ஊத்துது. மாப்ள குனிஞ்சு காதுல என்னமோ சொன்னாரு. தாய்மாமன் பாசத்த நெனச்சு அழுவறா பாருன்னு பக்கத்துல இருந்த பொம்பளைகளும் அழுதாங்க. நானும் அழுதுட்டேன் தம்பி. சொன்னா என்ன.

மறுவீட்டு விருந்துக்கு அவுங்க ஊட்டுக்குப் போனேன். நொழைஞ்சதும் ஹால்ல, டீவிக்குப் பக்கத்துல, என்ற பொட்டி. பட்டப்பகல்லயே எரிஞ்சுட்டிருக்குது. சம்பந்தியம்மா வர்றவங்களுக்கெல்லாம் காட்டறாங்க, எங்க மருமக தாய்மாமன் சீருன்னு. வெள்ளிக்கெழமையான அதுக்கும் ஒரு பூவு சாத்தறாங்களாம். உள்ள சாமானம் எதையும் காணோமேன்னு கேட்டேன். "பொறுமையாப் பூட்டிக்கட்டும், இப்ப என்ன அவசரம், இப்பிடியே பாக்கறதுக்கு லட்சணமா இருக்குதுங்களே"ன்னாங்க. தாரணி எல்லாருக்கும் காப்பி கொண்டாந்து குடுத்தா. நல்லாத்தான் இருந்தா. கொஞ்சம் எளைச்சிருந்தா.

ஆடிக்குப் பொறந்த ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். அன்னைக்கு எங்கூட்டுக்கு வந்து என்ற பக்கத்துல கீழ உக்காந்துட்டா. "மாமா, பிராசசர் ஒரு கம்பெனி, போர்டு வேற கம்பெனி. ரெண்டும் ஒண்ணுல ஒண்ணு உக்காராது. போர்டுல அது உக்கார்ற பள்ளத்துல இருந்த சந்தனத்தப் பல்லு வெளக்கற பிரஷ்ஷ வெச்சு நாள்கணக்காத் தொடச்சு எடுத்துட்டேன், அது இனி ஓடும். அந்தக் கோயமுத்தூர்க் கடையில பிராசசர மட்டும் மாத்தித் தரச் சொல்லுங்க. பொட்டியத் திருப்பிக் குடுத்தா நல்ல கார்டா ஒண்ணு எடுத்துக்கலாம். ஆவணி வரப்போவுதுங்க மாமா"ன்னா. பில்லு என்ற சட்டப் பையிலயேதான் இருந்துச்சு.

நீங்களே சொல்லுங்க தம்பி. ஊரக் கூட்டி, மேளம் வெச்சு, சபையில வெச்ச சீரு. அதப் போயி ஒரு தாய்மாமன் கடையில திருப்பிக் குடுத்து மாத்திட்டு வந்தா சிவசாமி காதுக்குப் போவாதுங்களா? நாச்சிமுத்து சேத்த ஜோடி சேரலையாம்னு சந்தையில சிரிக்கமாட்டானுங்களா? பொட்டிய எடுத்தா சம்பந்தியம்மா என்ன நெனைப்பாங்க? குடுத்த சீர மாத்தறது நம்ம வம்சத்துலயே இல்ல கண்ணு, கொஞ்ச நாளு போவட்டும், வளைகாப்புக்கு மாமன் வேற வாங்கித் தர்றேன்னேன்.  சரிங்க மாமான்னு எந்திரிச்சுப் போயிட்டா. சொன்னா புரிஞ்சுக்கற புள்ளைங்க அது.

ஆவணி வந்துச்சு. ஸ்டுடியோக்காரன் ரெண்டு தடவ கேட்டுப்போட்டு, வேலைய வேற ஆருக்கோ குடுத்துட்டானாம். மாப்ள ஒரு பிராசசர் வாங்கிக் குடுக்கலாமேன்னு கேப்பீங்க. அவரு பாவம், இன்னும் அவங்கப்பன் கைய எதிர்பாத்துட்டு இருக்கறவரு. கேட்டதுக்கு, ஹால்ல அத்தாப்பெரிய கம்ப்யூட்டரு நிக்கறப்ப இன்னொண்ணு எதுக்குன்னு கேட்டுருக்கறாரு அவங்கப்பன். அதுவும் நியாயந்தானுங்களே.

புரட்டாசி பொறந்து ஒரு நாளு காலையில, எங்கூடப் படிச்ச புள்ள சிங்காநல்லூர்ல ரூம் எடுத்திருக்கறா, அவகூட இருந்து வேலைக்குப் போறேனுங்கத்தன்னு சொல்லிப்போட்டுக் கெளம்பிட்டாளாம். சண்டையில்ல, சத்தமில்ல. கொண்டுபோயி பஸ் ஏத்தி விட்டது ஆருங்கறீங்க? மாப்ள. கட்டுன பொண்டாட்டியச் சிரிச்சுட்டே பஸ் ஏத்தி விடற மாப்ளைய நான் இப்பத்தானுங்க பாக்கறேன். இப்ப வாரா வாரம் தேங்காய் லோடு பாக்கறேன்னு இவரும் கோயமுத்தூர் வந்தர்றாராம். எனக்கென்னமோ இதுல ஒண்ணும் வெளங்கலீங்க. அப்பிடி என்ன கொறை வெச்சோம் அவளுக்கு?

இருங்க தம்பி, போனு அடிக்குது. அவதான். அவளேதான். அலோ, சொல்லு கண்ணு. நான் பஸ்ஸுலதான் வர்றேன், சூலூர் தாண்டிருச்சு. ஆரு சொன்னா? மாப்ள சொன்னாரா? ம். ம். என்னது? எப்ப? சரி. ம். ஏஞ்சாமி அப்பிடிச் சொல்ற? இல்ல, இல்ல, கேக்குது. சரி. வெச்சர்றேன்.

கேட்டீங்களாங் தம்பி. கம்ப்யூட்டரக் கட்டிப்போட்டாளாம். போன வாரமே ஓட ஆரம்பிச்சுருச்சாம். ஸ்டுடியோக்காரன் பழையபடி வேலை குடுத்து, ஒரு கல்யாணத்த வெட்டி முடிச்சே அனுப்பிட்டாளாம். எப்பிடிக் கட்டுனான்னா, சிவசாமி குடுத்த ஸ்கூட்டர வித்துப்போட்டாங்களாம் புருசனும் பொண்டாட்டியுமா. வித்து, புதுசா கார்டும் பிராசசரும் வாங்கியிருக்கறாங்க. நான் வாங்குன கார்டு ஓடவேயில்லையாம். பாத்தீங்களா, சிவசாமி சீரு சந்தைக்குப் போயிருச்சு. என்ற சீரு இன்னும் ஹால்ல எரிஞ்சுட்டு நிக்குது. இத நான் நாளைக்கே ஊருக்குள்ள சொல்லோணும்.

ஆனா பொட்டியே இல்லாமக் கட்டியிருக்கறாளாமுங்க. ஒரு அட்டைப் பொட்டியக் கவுத்து வெச்சு, அது மேல எல்லாத்தையும் பரப்பி வெச்சிருக்கறாளாம். லைட்டு இல்ல, கண்ணாடி இல்ல, ஒண்ணுமில்ல. ஆராச்சும் ஊட்டுக்கு வந்து பாத்தா என்ன நெனைப்பாங்க? கேட்டா சிரிக்கறா. "போர்டு மட்டும் நீங்க வாங்குனதுதான் மாமா, நல்லா ஓடுது"ங்கறா. அது வேணும்னே எம்மனசு நோகக்கூடாதுன்னு சொல்றாளோ, நெசமாத்தான் சொல்றாளோ தெரியல. நெசமாத்தான் இருக்கும். கனம் பாத்து வாங்குனதுல்லங்க அது.

அப்பறம் ஒண்ணு சொன்னா தம்பி. "கூட்டிட்டுப் போறதுக்குன்னா வராதீங்க மாமா, நான் வரமாட்டேன். என்னப் பாக்கறதுக்குன்னா வாங்க, சோறாக்கி வெச்சிருக்கறேன், உக்காந்து சாப்புட்டுட்டு, நான் கட்டுனதயும் பாத்துட்டுப் போங்க. ஆனா ஒண்ணும் வாங்கிட்டு வராதீங்க மாமா. வெறுங்கையோட வாங்க"ன்னா.

வெறுங்கையோட. தாய்மாமனப் பாத்து ஒரு புள்ள சொல்ற வார்த்தைங்களா இது? அவ பொறந்தப்ப அரணாக்கொடி போட்டவன் நானு. காது குத்தறப்ப மடியில வெச்சிருந்தவன் நானு. அன்னையில இருந்து ஒரு தடவகூட நான் அந்தப் புள்ளையப் பாக்க வெறுங்கையோட போனதில்லீங்க. கோவமாச் சொல்லியிருந்தா திருப்பி ஒரு சத்தம் போட்டிருப்பேன். மெதுவா, பிரியமாச் சொல்றா. அதுக்கு என்னன்னுங்க சத்தம் போடறது?

சிங்காநல்லூர்ல எறங்குனா பக்கத்துல கம்ப்யூட்டர் கடை எதாச்சும் இருக்குதுங்களா? பெருசா ஒண்ணும் வேண்டாம், சின்னதா ஒரு காத்தாடி. ஏனுங்க தலைய ஆட்டறீங்க? வேண்டாங்கறீங்களா? நீங்களும் அவ கட்சிதானா. சரி, போவட்டும், ஒரு சீப்பு வாழப்பழமாச்சும்? அதுவும் வேண்டாமுங்களா.

ஒண்டிப்புதூர் வந்துருச்சு, அடுத்ததுதான் நம்ம ஸ்டாப்பு. வழி விடுங்க தம்பி, எந்திரிக்கறேன். அவ கதவத் தொறக்கறப்ப நான் இந்த ரெண்டு கையையும் எங்கீங்க வெச்சுட்டு நிக்கறது?